தலைவர் உள்ளிருந்து தலைமை தாங்கினார்

ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராஜன்பேட்டை போகிற பக்கம், முந்திரித் தோப்புகளைத் தாண்டினால் நாவல்திடல் பேரூராட்சி. அதன் ஏழாவது வார்டு கவுன்சிலர் வெற்றிச்செல்வி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்பில் முந்திரி பொறுக்கி வளர்த்த பெண் அவர். ஊரிலேயே ஜாக்கெட்டைச் சொன்ன தேதியில் கொடுக்கிற ஒரே ஆள் என்பதால்தான் ஜெயித்தார் என்று அவரிடம் தோற்றவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

பேரூராட்சித் தலைவர் காசிநாதன் முந்திரி வியாபாரி. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. விழா என்றால் மட்டும் அவருக்கு நிலைகொள்ளாது. தெருக்குழாய்க்குப் புது வாஷர் போட்டதற்குக்கூட ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்து வாங்கி வெட்டியவர்.

அந்த வருடம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கென்று கொஞ்சம் நிதி வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எது முதலில் தேவை, எது அதற்கு அடுத்தது என்று மன்றம் கூடி முன்னுரிமைப் பட்டியல் தயாரிக்க வேண்டும், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று மன்றமே பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

மன்றக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் காசிநாதன் மேசையைத் தட்டினார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆர்ச்சு. ரெண்டு பக்கமும் யானை. மேல நடுவுல பேரு."

"யாரு பேரு தலைவரே?" என்று கேட்டார் வெற்றிச்செல்வி.

"ஆஸ்பத்திரி பேருதாம்மா. கீழ சின்னதா என் பேரு."

"ஆர்ச்சு எதுக்குங்க?"

"என்னம்மா இப்புடிக் கேக்குற? வெளியூர்க்காரனுக்கு ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு தெரிய வேணாமா?"

"வெளியூர்க்காரன் எதுக்குங்க நம்ம ஊருல வந்து காய்ச்சல்ல படுக்கப்போறான்?"

"ஆதரிக்கிறேன்" என்றது ஒரு குரல். மூன்றாவது வார்டு அரியமுத்து. வயது எழுபத்து நாலு, காது மந்தம். எதைச் சொன்னாலும் ஆதரித்துவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இப்போது அவர் ஆதரித்தது ஆர்ச்சையா, வெற்றிச்செல்வியின் கேள்வியையா என்பது அவருக்கே தெரியாது.

கிளார்க் அறிவழகன் அதையும் எழுதிக்கொண்டார். காதில் விழுகிற எதையும் அரசாங்கத் தமிழாக்கித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுவது அவர் பழக்கம். ஒருமுறை டீயில் சர்க்கரை இல்லை என்று தலைவர் முணுமுணுக்கப்போய், 'தேநீரில் நிலவும் இனிப்புக் குறைபாடு குறித்து மன்றம் தனது ஆழ்ந்த கவலையைப் பதிவு செய்தது' என்று புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

வெற்றிச்செல்வி எழுந்து நின்றார்.

"பொம்பளைங்க கக்கூசுக்குக் கதவு சரியில்ல. ஒரு கீல்ல தொங்கிட்டுக் கெடக்கு. தாழ்ப்பாளே கெடையாது. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மாசமா இருக்கற புள்ளைங்க நாப்பது பேரு செக்கப்புக்கு வருதுங்க. என்ன பண்ணுதுங்க தெரியுமா? உள்ள போறவ பாட்டு பாடணும். பாட்டு கேட்டா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். பாட்டு நின்னா அடுத்தவ போலாம்."

மன்றம் சிரித்தது.

"பாடட்டுமேம்மா" என்றார் காசிநாதன். "வயித்துப் புள்ளைக்குப் பாட்டு கேட்டா நல்லதுன்னு சொல்றாங்க."

வெற்றிச்செல்விக்குக் காது மடல் சூடானது. அரைக்கை தைக்கச் சொல்லி முழுக்கை கேட்டுச் சண்டைக்கு வருகிறவர்களிடம்கூட அவர் கோபப்பட்டதில்லை. இப்போது குரல் உயர்ந்துவிட்டது.

"சிரிக்கிறவங்க ஒருநா நேர்ல வந்து பாருங்க. வர்ற செவ்வாக்கெழம. பாத்துட்டு வந்து ஆர்ச்சா கதவான்னு ஓட்டுப் போடுங்க."

நேரில் பார்ப்பது என்றதும் காசிநாதனின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசன. திடீர் ஆய்வு வச்சிருவோம்."

திடீர் ஆய்வு நடக்கப்போவதை ஞாயிறும் திங்களும் குப்பை வண்டி மைக் போட்டுத் தெருத்தெருவாகச் சொன்னது. 'செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குத் தலைவர் அவர்கள் திடீரென வருகை தர இருக்கிறார். பொதுமக்கள் திரளாக வந்து சிறப்பிக்க வேண்டும்.'

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நிற்க இடம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலைக் காட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவர் நன்றாகிப்போன காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் பிரவீணா பணியில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ஏதோ தொற்று பரவிவிட்டது என்று முதலில் பயந்துபோனார். அப்புறம் வாசலில் பெரிய கோலத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

காசிநாதன் மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையில் வேனிலிருந்து இறங்கினார். பின்னால் பதினாலு கவுன்சிலர்கள். அறிவழகன் ஒரு கையில் தீர்மானப் புத்தகமும் இன்னொரு கையில் போட்டோ எடுக்க செல்போனுமாக வந்தார்.

"முதல்ல பிரஷர் பாக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்துருவோம் டாக்டரம்மா" என்று காசிநாதன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

மாதிரி எல்லாம் டாக்டருக்குத் தெரியாது. அவர் நிஜமாகவே பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"சார், நூத்தி எண்பதுக்கு நூத்திப் பத்து இருக்கு."

"நல்லதுதானே?"

"இல்ல சார். ரொம்ப ஜாஸ்தி."

காசிநாதன் சிரித்தார். "மெஷின் ரிப்பேரும்மா. அரியமுத்தண்ணனுக்குப் பாருங்க."

அரியமுத்துக்கு நூற்றி இருபதுக்கு எண்பது. வேன் ஓட்டி வந்தவருக்கும் அதே. வெற்றிச்செல்விக்கும் சரியாகத்தான் இருந்தது. காசிநாதன் இடது கையைக் கொடுத்துப் பார்த்தார். இடது கை இன்னும் இரண்டு புள்ளி கூடக் காட்டியது.

சுற்றிலும் ஊரே நின்றது. காசிநாதன் கூட்டத்தைப் பார்த்துக் கம்பீரமாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"ஆதரிக்கிறேன்" என்றார் அரியமுத்து.

அறிவழகனின் பேனா ஓடியது. 'மன்றத் தலைவர் அவர்களின் இரத்த அழுத்தம் குறித்து மன்றம் நேரில் ஆய்வு செய்து, அது திருப்திகரமாக உள்ளது என ஏகமனதாகத் தீர்மானித்தது.'

டாக்டர் பிரவீணா அதை எட்டிப் பார்த்தார். "சார், தீர்மானம் போட்டா பிரஷர் எறங்காது. பாக்கெட்டுல என்ன வச்சிருக்கீங்க?"

பாக்கெட்டில் ஒரு கை வறுத்த முந்திரி, உப்புத் தூக்கலாக. வியாபாரத்துக்குச் சாம்பிள் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. முந்திரியைச் செவிலியர் வாங்கி வைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

"அரை மணி நேரம் அமைதியா உக்காருங்க, மறுபடி பாக்கறேன். அதுக்குள்ள யூரின் டெஸ்டுக்கு இதுல கொண்டாந்து குடுத்துருங்க."

காசிநாதன் டப்பாவை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு ஆண்கள் கழிப்பறைக்குப் போனார். அது பூட்டிக் கிடந்தது. ஆர்ச் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் காண்ட்ராக்டர் நாற்பது மூட்டை சிமெண்டை அதற்குள் அடுக்கிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போயிருந்தார். போன் செய்தால் எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது கட்டிடத்துக்குப் பின்னால் பெண்கள் கழிப்பறை ஒன்றுதான். அங்கே கர்ப்பிணிப் பெண்கள் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு சாமி பாட்டு கேட்டது. அது முடிந்து ஒரு பெண் வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் தலைவரின் முகத்தையும் அவர் கையையும் பார்த்து, ஒதுங்கி வழி விட்டார்கள்.

பின்னாலேயே வந்த வெற்றிச்செல்வி சொன்னார்: "போயிட்டு வாங்க தலைவரே. ஆனா பாட்டு பாடணும். நிறுத்துனா ஆள் இல்லன்னு நெனச்சித் தெறந்துருவாங்க."

"எனக்குப் பாட்டு வராதேம்மா."

"வந்தத பாடுங்க."

காசிநாதன் உள்ளே போனார். கதவு சாத்திய வேகத்தில் திரும்பத் திறந்துகொண்டது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு காலால் கதவை மிதித்து, ஒரு கையில் டப்பாவும் மறு கையில் வேட்டியுமாக நின்றார். சின்ன வயதில் படித்த ஒரு பாட்டாவது நினைவுக்கு வருமா என்று யோசித்தார். ஒரு வரிகூட வரவில்லை. வெளியே யாரோ செருப்புத் தேய நடந்து வருகிற சத்தம் கேட்டது. பயத்தில் அவர் வாயிலிருந்து, இருபது வருடமாக அவர் வாயில் இருந்ததுதான் வந்தது.

"பேரன்பு கொண்ட பெரியோர்களே! தாய்மார்களே!"

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த இனிய காலை வேளையிலே, கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல் இங்கே திரண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்!"

அந்தக் குரல் காசிநாதனின் மேடைக் குரல். மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கும். அரியமுத்துக்கே கேட்டுவிட்டது. அவர் முன்பக்கம் ஓடிக் கையைத் தட்டினார்.

"தலைவரு பின்னாடி பேச ஆரம்பிச்சிட்டாரு! எல்லாரும் வாங்க, வாங்க!"

ஊர் பின்பக்கம் திரண்டது. நாற்காலிகள் வந்தன. பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். தலைவர் எங்கே என்று சிலர் தேடினார்கள். குரல் வருகிற திசையைப் பார்த்துத் திருப்தியடைந்து கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் காசிநாதனுக்கு நிலைமை புரிந்து வியர்த்தது. நிறுத்தினால் கதவைத் திறந்துவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் கூட்டம் கூடும். அவர் நிறுத்தவில்லை. மாவட்ட நிர்வாகத்துக்கு நன்றி சொன்னார். டாக்டருக்கு நன்றி சொன்னார். பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னார். அங்கே பந்தலே இல்லை.

வேன் ஓட்டி வந்தவர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். எந்தக் கூட்டத்திலும் தலைவர் பேசி முடிக்கிற நேரம் அவர்தான் போர்த்துவார். வெற்றிச்செல்வி குறுக்கே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்.

"இங்க வராதீங்க. குடுங்க, நான் போட்டுடறேன்." பொன்னாடையை வாங்கிக் கதவின் மேல் விரித்துப் போட்டார். இடுக்குகள் கொஞ்சம் மறைந்தன. கூட்டம் மறுபடி கை தட்டியது.

"யாரும்மா அது கதவுகிட்ட?" என்று உள்ளேயிருந்து, மேடைக் குரல் இல்லாமல், கேட்டது.

"நாந்தான் தலைவரே. வெற்றி. பயப்படாதீங்க, நான் சாஞ்சிகிட்டுதான் நிக்கிறேன். கால எடுத்துட்டு வேலயப் பாருங்க."

"போவாதம்மா."

"போவ மாட்டேன்."

கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்: "தலைவரே, ஆஸ்பத்திரிக்கு மொத முன்னுரிம எதுக்குன்னு சொல்லுங்க!"

வெற்றிச்செல்வி அதைக் கேட்கச் சொல்லவில்லை. பிற்பாடு பலர் அவர்தான் ஏற்பாடு செய்தார் என்றார்கள். அவர் கடையில் ஊசி தொலைந்தால்கூடச் சத்தியம் செய்கிறவர், இதற்கும் சத்தியம் செய்தார்.

"தாழ்ப்பாளு!" என்று உள்ளேயிருந்து வந்தது பதில். அது மனசின் அடியிலிருந்து வந்தது என்பது கேட்ட எல்லோருக்கும் தெரிந்தது. "மொத தாழ்ப்பாளு! அப்பறம் கதவு! ஆணி மாட்டணும், துணியப் போடறதுக்கு! கையப் புடிச்சிக்கக் கம்பி! லைட்டு!"

"ஆதரிக்கிறேன்!" என்றார் அரியமுத்து. இந்தத் தடவை அவருக்கு முழுதாகக் காதில் விழுந்திருந்தது. பெண்கள் வரிசை கை தட்டியது. கவுன்சிலர்களும் தட்டினார்கள். அறிவழகன் நாற்காலி முதுகில் புத்தகத்தை வைத்து எழுதித் தள்ளினார்.

பத்து நிமிடம் கழித்து, வெற்றிச்செல்வி கூட்டத்தை முன்பக்கம் மோர் கொடுக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டார். மோர் எதுவும் இல்லை. காசிநாதன் பொன்னாடைக்குள் டப்பாவை மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். சட்டையில் கஞ்சி போன இடம் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"சிரிக்க மாட்டியா நீ?" என்று கேட்டார்.

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"இல்ல தலைவரே."

"ஒத்தக் கால்ல என்னாலயே நிக்க முடியல. எட்டு மாச வயித்த வச்சிகிட்டு எப்புடிம்மா நிக்கிதுங்க?"

கிண்டலா என்று வெற்றிச்செல்வி உற்றுப் பார்த்தார். இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"சுவத்துல கைய ஊணிக்குவாங்க. சில பேரு கூட ஒரு ஆளக் கூட்டியாந்து வெளிய நிறுத்திக்குவாங்க. ஆள் இல்லாதவ காலையிலேருந்து தண்ணியே குடிக்காம வருவா. தண்ணி குடிக்காம வந்தா டாக்டரம்மா திட்டுவாங்க."

காசிநாதன் டப்பாவோடு டாக்டர் அறைக்கு நடந்தார். பிரஷர் நூற்றித் தொண்ணூறு ஆகியிருந்தது. "அமைதியா உக்காரச் சொன்னா பொதுக்கூட்டம் போட்டுட்டு வர்றீங்களே சார்" என்றார் டாக்டர். சர்க்கரை இல்லை. பிரஷருக்கு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரைக்கு மாதாமாதம் வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் காசிநாதனுக்கு ஆர்ச் ஆசை மறுபடி தலைகாட்டிவிட்டது. யானைக்கு அச்சு வேறு பார்த்து வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு அங்க சொன்னதெல்லாம் கூட்டத்துல சேராது. அது மன்றக் கூட்டமே இல்ல."

அறிவழகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் புத்தகத்தை யாரும் சந்தேகப்பட்டு அவர் பார்த்ததில்லை. "சேரும்ங்க. பதினஞ்சு பேரும் ஆஜர். தலைமை தாங்க நீங்களும் இருந்தீங்க."

"நான் எங்கடா இருந்தேன்?"

"வாசிக்கட்டுங்களா?"

"வாசிங்க" என்றார் வெற்றிச்செல்வி.

அறிவழகன் எழுந்து நின்று வாசித்தார். "'சுகாதார நிலையப் பின்புற வளாகத்தில் மன்றக் கூட்டம் நடைபெற்றது. மன்றத் தலைவர் அவர்கள் உள்ளிருந்து தலைமை தாங்கினார். ஏழாவது வார்டு உறுப்பினர் கதவாக இருந்து ஒத்துழைப்பு நல்கினார். தலைவர் அவர்கள் தம் கடமையை ஆற்றியவாறே...'"

"போதும்! போதும்! நிறைவேறியாச்சு!" என்று காசிநாதன் மேசையைத் தட்டினார். "எல்லாம் நிறைவேறியாச்சு. புத்தகத்த மூடு."

"ஆதரிக்கிறேன்" என்றார் அரியமுத்து.

வேலையை மேற்பார்வை பார்க்கிற பொறுப்பை வெற்றிச்செல்வியிடமே கொடுத்தார்கள். தச்சர் கொண்டுவந்த முதல் கதவு நிலையில் விரல் கடை இடுக்கு விட்டது. வெற்றிச்செல்வி தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்து காட்டித் திருப்பி அனுப்பினார். தாழ்ப்பாளை நூறு தடவை போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தார். சிமெண்ட் மூட்டைகளை வெளியே எடுத்து வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டார்கள். திறப்பு விழா எப்போது என்று யாரோ கேட்டதற்கு, "எதுக்குத் தொறப்பு விழா? மூடத்தானே கதவு" என்று காசிநாதன் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை ஊர் ஒரு வாரம் பேசியது.

அவர் மாத்திரையையும் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றார். முன்னால் விடுவதாகச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றார். நாலாவது மாதம் மன்றக் கூட்டத்தில் நிதியில் மிச்சம் இருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. அடுத்த முன்னுரிமை எது என்று கேட்டதும், எட்டாவது வார்டுக்காரர் டி.வி. என்றார், பத்தாவது வார்டுக்காரர் நீரூற்று என்றார்.

"வெயிலோ மழையோ நேரா மண்டையில எறங்குது" என்றார் காசிநாதன். "பிரஷர் மாத்திரைக்கு நிக்கிறவன் அறுபது பேரு. பூரா வயசானதுங்க. மாத்திர வாங்கறதுக்குள்ள பிரஷர் ஏறிருது. மொதல்ல தகரக் கூரை போட்டு ரெண்டு பெஞ்சு போடணும். வெற்றிம்மா, நீ என்ன சொல்ற?"

சொல்வதற்கு ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாரா என்று வெற்றிச்செல்வி யோசித்தார். "மூணு பெஞ்சு" என்றார்.

"மூணு" என்று அறிவழகன் எழுதிக்கொண்டார்.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடையில் இருபத்தேழு ஜாக்கெட் வெட்டாமல் கிடந்தது. வெற்றிச்செல்வி கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்.